ஒரே நேரத்தில் எத்தனை மைக்? வீட்டுப் பதிவுக்குக் கருவி வாங்கும் முன்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்யக் கருவி தேடுகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, “இதில் எத்தனை டிராக் போடலாம்?” டிராக் என்பது தனியாகப் பதிந்து பிறகு மற்றவற்றோடு கலக்கும் ஓர் ஒலி அடுக்கு. இன்றைக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயனில்லை. 1979-ல் டியாக் நிறுவனம் கேசட்டில் 4 டிராக் பதியும் போர்ட்டாஸ்டுடியோவைக் கொண்டுவந்தபோது டிராக் கணக்குக்குத்தான் விலை. இப்போது காசில்லாமல் கிடைக்கும் செயலியிலேயே ஒரு பாட்டுக்கு வேண்டிய டிராக்கெல்லாம் அடங்கிவிடும். செலவை ஏற்றுவது வேறொரு கணக்கு: ஒரே சமயத்தில் எத்தனை மைக் தனித்தனியாகப் பதிவாக வேண்டும்?

மாயவரத்தில் ஒருவர் கீபோர்டு வாசித்து, அதன்மேல் பாடி, ஞாயிற்றுக்கிழமை வரும் நண்பரை வைத்துத் தபேலா சேர்க்கிறார் என்றால் அவருக்கு ஒரு மைக் போதும். இரண்டு இருந்தால் வசதி. திருவாரூர்ப் பக்கத்து மேளம் செட் ஒன்று சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியைப் பதிய வேண்டும் என்றால் கதை வேறு. நாதஸ்வரக்காரர் எங்கே மூச்சு விடுகிறார் என்று பார்த்துத்தான் தவில்காரர் நிரப்புவார். இருவரையும் தனித்தனி நாளில் உட்கார வைத்தால் நேரம் பொருந்தும், வாசிப்பு பொருந்தாது. இதற்கு இடைப்பட்டவை பஜனைக் குழு, வீணைக் கச்சேரி, நாட்டுப்புறப் பாட்டு. தான் எந்த வகை என்று முடிவு செய்தவருக்குக் கீழே உள்ளதில் பாதியைப் படித்தால் போதும்.

போன் மட்டும்

ஐபோனில் கராஜ்பேண்ட், ஆண்ட்ராய்டில் பேண்ட்லேப், இரண்டும் இலவசம். மெட்டுப் போட்டுப் பார்க்க இவை தாராளம். வெளியிடும் தரத்துக்குக் கொண்டுபோகும்போது இரண்டு இடத்தில் முட்டும்.

முதலாவது தாமதம். ஏற்கெனவே பதிந்ததைக் கேட்டுக்கொண்டே பாடும்போது, பாடியது போனுக்குள் போய்ச் சேர ஆகும் நேரம் ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். அதோடு ப்ளூடூத் ஹெட்போன் போட்டால் நிலைமை மோசம். தாமதம் 200 மில்லி நொடி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாளத்தின் எண்ணிக்கை) ஓடும் ஆதி தாளத்தில் ஒரு அட்சரம் 750 மில்லி நொடி. அதாவது கால் அட்சரத்துக்கும் மேலாகப் பாட்டு பின்தங்கும். ஒயர் ஹெட்போன்தான் ஒரே வழி. இந்த இடத்தில் சமரசம் கிடையாது.

இரண்டாவது, போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நாதஸ்வரமோ தவிலோ அரை மீட்டரில் ஒலித்தால் மைக்கே கரகரத்துவிடும். செயலியில் அளவைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது. கெட்டது அதற்கு முன்னாலேயே கெட்டுவிட்டது. 3 மீட்டர் தள்ளி வைத்தால் கரகரப்பு நிற்கும், ஆனால் கூடத்தின் எதிரொலி முழுவதும் உள்ளே வந்துவிடும்.

இரண்டு போன் இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஒன்றில் ஏற்கெனவே பதிந்த வழிகாட்டி டிராக்கை ஓட்டி ஒயர் ஹெட்போனில் கேளுங்கள். மற்றொன்றைச் சும்மா பதிவுக் கருவியாக வைத்து சுருக்காத ‘வேவ்’ கோப்பு வடிவில் பதியுங்கள். வழிகாட்டியின் தொடக்கத்தில் நான்கு எண்ணிக்கை விட்டு, பதியும்போது அதோடு சேர்ந்து நான்கு முறை கை தட்டுங்கள். பிறகு கணினியில் தட்டலுக்குத் தட்டல் பொருத்தினால் வேலை முடிந்தது. இரண்டு போன்களின் உள் கடிகாரம் பத்து லட்சத்துக்கு 50 பங்கு விலகி ஓடினாலும் 5 நிமிடப் பாட்டில் 15 மில்லி நொடிதான் பிசகும், காது பொறுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரக் கச்சேரிக்கு இதே கணக்கு 180 மில்லி நொடி. அங்கே இந்த வழி செல்லாது.

யூ.எஸ்.பி. மைக்

ஒருவர் மட்டும் பாட, பேச நல்லது. ஆனால் முட்டுச்சந்து. பின்னால் இரண்டாவது மைக் வேண்டும் என்று இன்னொரு யூ.எஸ்.பி. மைக்கை வாங்கிச் செருகினால், விண்டோஸில் பதிவு மென்பொருள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் வலிந்து சேர்த்தாலும் மேலே சொன்ன கடிகார விலகல் வரும். அதே பணத்தைக் கீழே வரும் இன்டர்ஃபேஸில், அதாவது சாதாரண மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில், போடுவதே மேல்.

இரண்டு வழி இன்டர்ஃபேஸ்

இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் நிற்க வேண்டிய இடம் இதுதான். வழி என்பது தனியாகப் பதிவாகும் ஒரு செருகுமிடம். பெரிங்கர் யூ.எம்.சி.22-ல் ஒரு மைக் வழியும் ஒரு கருவி வழியும் உண்டு. யூ.எம்.சி.202 எச்.டி., ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இரண்டிலும் இரண்டு மைக் வழி. இரண்டு மைக் வழி உள்ளதையே வாங்குங்கள். மிருதங்கத்தின் இரு முகங்களான வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொரு மைக் வைக்கவும், பாட்டையும் வீணையையும் சேர்த்துப் பதியவும் இரண்டாவது வழி கட்டாயம் தேவைப்படும். கணினி பழையதாக இருக்கலாம். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்ட லேப்டாப் பத்துப் பதினைந்து டிராக்கைத் தாங்கும்.

மென்பொருளுக்கு ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு பார்த்துக்கொள்ளலாம், தனிநபர் உரிமம் 60 டாலர். ஆடாசிட்டி முற்றிலும் இலவசம் என்றாலும், நேரடியாகக் கிடைக்கும் 3-ஆம் வரிசைப் பதிப்புகளில் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் வசதி இல்லை. அதனால் டிராக்மேல் டிராக் பதியும்போது நேரம் சற்றுத் தள்ளி விழும். அதைத் திருத்த ‘லேட்டன்சி காம்பன்சேஷன்’ என்ற இடத்தில் மைனஸ் 130 மில்லி நொடி என்று முன்கூட்டியே போட்டிருப்பார்கள். அது உங்கள் கணினிக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. ஹெட்போன் கிண்ணத்தை மைக்கின்மேல் அழுத்தி வைத்து, ‘டிக் டிக்’ என்று காலம் காட்டும் மெட்ரோனோம் டிராக்கை ஓட்டிக்கொண்டே பதியுங்கள். இரண்டு அலைவடிவத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து எண்ணைத் திருத்துங்கள். ஒரு முறை செய்தால் போதும்.

பதியும் வரிசையில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முதலில் சுருதி. பாட்டின் முழு நீளத்துக்கும் சுருதியை ஒரு டிராக்கில் பதிந்துவிட வேண்டும். பழைய ஆர்மோனியமோ சுருதிப்பெட்டியோ இருந்தால் அதை முதலில் அளந்து பாருங்கள். ஒரே ஸ்வரம் அதில் 442 ஹெர்ட்ஸிலும் கீபோர்டில் 440-லும் நின்றால் வித்தியாசம் 8 சென்ட்கூட (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இல்லை. ஆனாலும் அந்த ஸ்வரத்தை இரண்டும் சேர்ந்து பிடிக்கும்போது நொடிக்கு இரண்டு தடவை அலையடிக்கும். ஆர்மோனியத்தை எளிதில் திருத்த முடியாது. கீபோர்டின் டியூனிங்கை ஆர்மோனியத்துக்கு நகர்த்துங்கள். எல்லாம் பதிந்த பிறகு கண்டுபிடித்தால் ஒவ்வொரு டிராக்காக வளைக்க வேண்டி வரும், குரல் பொம்மைக் குரலாகும்.

அடுத்தது வழிகாட்டிப் பாட்டு, கைத்தாளத்தோடு. இதை அழகாகப் பாட வேண்டியதில்லை. காலப்பிரமாணம் (தாள வேகம்) மட்டும் சரியாக இருக்க வேண்டும். தாளமில்லாத ஆலாபனையோ விருத்தமோ முன்னால் வந்தால் அந்தப் பகுதிக்கு மெட்ரோனோம் வைக்காதீர்கள். அதன்மேல் மிருதங்கம் அல்லது தபேலா, பிறகு வீணை, புல்லாங்குழல், பிறகு உண்மையான பாட்டு, கடைசியில் ஜால்ராவும் கோரஸும். நான்கு பேர் கோரஸை ஒரே மைக்கைச் சுற்றி நிறுத்தி, இடம் மாற்றி மூன்று முறை பதிந்தால் பன்னிரண்டு குரல் கிடைக்கும். பஜனைப் பாட்டுக்கு இதைவிட மலிவான கூட்டம் இல்லை.

பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் ஒரு மோனோ டிராக்குக்கு நிமிடத்துக்கு 8.64 எம்.பி. எட்டு டிராக், ஐந்து நிமிடம் என்றால் ஏறக்குறைய 346 எம்.பி. அளவு முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் குறைவாகப் பதிந்தால் நஷ்டமில்லை. சிவப்பு விளக்கைத் தொட்டால் திரும்ப வழியில்லை. பாடும்போது தன் குரல் இரட்டையாகக் கேட்கிறது என்றால் பாடுவதை ஹெட்போனில் கேட்க வைக்கும் இரண்டு வசதிகள், இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரும் மென்பொருளின் மானிட்டரும், ஒன்றாகத் திறந்திருக்கின்றன. மென்பொருளில் உள்ளதை மூடுங்கள்.

மைக்கில் டைனமிக்கா கண்டென்சரா என்பது தனிச் சண்டை. பெரிங்கர் எக்ஸ்.எம்.8500, ஷூர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக்குகளை வாயிலிருந்து நான்கு விரல்கடையில் வைத்துப் பாடலாம். அவ்வளவு நெருக்கம் இருப்பதால்தான் பக்கத்து வீட்டு டிவி குறைவாக விழுகிறது. மைக்குக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. அதே மைக்கை வீணைக்கு முன் அரை மீட்டரில் வைத்தால் ஒலியைப் பெருக்கும் கெயினை முழுக்கத் திருக வேண்டியிருக்கும், இரைச்சல் ஏறும். வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் 48 வோல்ட் ஃபாண்டத்தில் (இன்டர்ஃபேஸ் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரத்தில்) ஓடும் கண்டென்சரே சரி. ஆனால் அது வெளியே கத்தும் தவளையையும் சேர்த்தே பதியும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், எதிரொலிக்கும் வீட்டுக்கு டைனமிக்.

யூ.எஸ்.பி. மிக்சர் என்னும் வலை

எட்டு மைக் செருகுமிடம், வண்ண வண்ணத் திருகுகள், எக்கோ, விலையும் இன்டர்ஃபேஸ் அளவுதான். பார்த்தவுடன் கை இதற்குத்தான் நீளும். எட்டு மைக்கைச் செருகலாம் என்பதும் உண்மை. ஆனால் இந்த வகையில் பெரும்பாலானவை யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்கு அனுப்புவது எல்லாம் கலந்த ஸ்டீரியோ, அதாவது இரண்டே டிராக். பதிந்த பிறகு தவிலை மட்டும் குறைக்க முடியாது. யமஹா எம்.ஜி.10எக்ஸ்.யூ. போன்ற தரமான மிக்சருக்கும் இந்த எல்லைதான்; அது மேடைக்காகச் செய்தது. பெட்டியில் ‘2 இன் 2 அவுட்’ என்று போட்டிருந்தால் மேலே எத்தனை செருகுமிடம் இருந்தாலும் அது இரண்டு டிராக் கருவி. இதே போல, டாஸ்கம் டிபி-008இ.எக்ஸ். ரெக்கார்டரின் பெயரில் 8 இருக்கிறது. எட்டு டிராக்கை அடுக்கலாம், ஒரு நேரத்தில் பதிவது இரண்டு. தனியாக அடுக்கிப் பதிபவருக்கு அது குறையில்லை. மேளம் செட்டுக்கு ஏமாற்றம்.

மேளத்துக்கு என்ன வழி

நாதஸ்வரக்காரருக்கு ஹெட்போன் மாட்டி, பதிந்த தவிலுக்கு மேல் வாசிக்கச் சொல்லும் திட்டத்தை இங்கேயே விட்டுவிடலாம். வாத்தியத்தின் சத்தத்தில் ஹெட்போன் கேட்காது. கேட்கும் அளவுக்கு ஏற்றினால் காதுக்குக் கேடு. நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக, நேராக, ஒரே மூச்சில் பதிவாக வேண்டும். தாளத்தையும் சுருதியையும் பின்னால் சேர்க்கலாம்.

குறைந்தது நான்கு வழி வேண்டும்: நாதஸ்வரம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, தவிலுக்கு இரண்டு, கூடத்தின் ஒலிக்கு ஒன்று. இதற்கு இரண்டு பாதை உண்டு.

ஒன்று, பெரிங்கர் யூ.எம்.சி.404 எச்.டி. போன்ற நான்கு மைக் வழி இன்டர்ஃபேஸ். வீட்டில் நிரந்தரமாக வைத்துப் பதிபவருக்கு இது லாபம். நாளை பாட்டுக்கும் உதவும். மற்றொன்று, கணினி வேண்டாத ரெக்கார்டர். ஜூம் எச்4என் ப்ரோவில் சொந்த மைக் இரண்டு, வெளி மைக்குக்கு வழி இரண்டு, நான்கையும் தனித்தனியாகப் பதியும், இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். பிறர் பயன்படுத்திய பழைய கருவியை வாங்கத் தயாரானவர்களுக்கு ஜூம் ஆர்16: ஒரே நேரத்தில் எட்டு வழி.

வாசிப்பது வீட்டுக் கூடத்தில் என்றால் இன்டர்ஃபேஸ். கோயில் பிராகாரத்திலோ களத்துமேட்டிலோ என்றால் ரெக்கார்டர். மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் பேட்டரியில் ஓடுவதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: பதிவு ஓடும்போது பேட்டரி செத்தால் கோப்பு முறையாக மூடாமல் திறக்க மறுக்கலாம். ஒவ்வொரு உருப்படிக்கும் நிறுத்தித் தொடங்குங்கள். புது பேட்டரியோடு உட்காருங்கள். நான்கு வழிக்கு மணிக்குச் சுமார் 2 ஜி.பி. ஆகும், 32 ஜி.பி. கார்டு ஒரு நாளைக்கு ஏராளம்.

மைக் வைக்கும் இடம். நாதஸ்வரத்தின் ஒலி அடியில் விரிந்த அணசிலிருந்து மட்டும் வருவதில்லை; விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அணசுக்கு நேராக மைக்கை நீட்டினால் கீழ் ஸ்வரங்கள் அடித்துக்கொண்டு வரும், மேலே போனால் மெலியும். ஒரு மீட்டர் தள்ளி, வாத்தியத்தின் நடுப்பகுதியைப் பார்த்து, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். இங்கே டைனமிக் மைக். கண்டென்சர்தான் இருக்கிறது என்றால் அதில் 10 அல்லது 20 டெசிபல் குறைக்கும் பேட் இருக்க வேண்டும். தவிலின் இரண்டு பக்கத்துக்கும் மைக் வைத்தால் ஒன்றின் ஃபேஸை, அதாவது அலையின் மேல் கீழ்த் திசையை, திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் அடிக்கும்போது தோல் உள்ளே போகிறது, மறு பக்கத் தோல் வெளியே தள்ளப்படுகிறது. அப்படியே கலந்தால் தொப்பியின் கனம் பாதியாகக் கரையும். ரீப்பரில் ஒவ்வொரு டிராக்கிலும் அதற்கான பொத்தான் உண்டு. எந்த நிலையில் அடித்தொனி கனக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்கு தூரத்தில் அடுத்த மைக் இருக்கட்டும். மைக்கின் முதுகு அடுத்த வாத்தியத்தைப் பார்க்கட்டும். அப்படியும் ஒன்றின் சத்தம் மற்றதில் விழத்தான் செய்யும். அதை முழுவதும் ஒழிக்கப் பார்த்து ஆளுக்கொரு அறையில் உட்கார வைக்காதீர்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 78 சுழல் தட்டில் தோடி வாசித்த காலத்தில் டிராக் என்ற பேச்சே இல்லை. யார் மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருப்பது என்பதுதான் அப்போதைய மிக்சிங். ஒரு நல்ல ஸ்டீரியோ ரெக்கார்டரை வைத்து, தவிலை இரண்டடி பின்னால் நகர்த்தி, கேட்டு, மறுபடி நகர்த்தி அரை மணி நேரம் செலவிட்டால், நான்கு மைக்கை அவசரமாக வைத்துப் பதிந்ததைவிட நன்றாக வரும். பணமே இல்லாத குழுவுக்கு இதுதான் எங்கள் பரிந்துரை.

வீடும் மின்சாரமும்

கருவியில் மிச்சம் பிடித்து அறையில் போடுங்கள். சிமென்ட் பூசிய சுவர், ரெட் ஆக்சைடு தரை, மேலே கான்கிரீட்: கை தட்டினால் ‘டர்ர்’ என்று திரும்பும் அறையில் எந்த விலை மைக்கும் ஒன்றுதான். முட்டை அட்டை ஒட்டுவது வீண். மெல்லிய காகிதம் கீச்சொலியைக் கொஞ்சம் தொடும், மற்றதை விட்டுவிடும். கோரைப்பாயும் அப்படித்தான். கனமும் தடிமனும் உள்ளது வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுபவரின் முதுகுப் பக்கம் ‘ட’ வடிவில் நிறுத்துங்கள். மைக் முன்பக்கத்திலிருந்துதான் கேட்கிறது. பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவர்தான் அதன் கண்ணில் படும். அறுவடை முடிந்து நெல் மூட்டை அடுக்கிய அறை இருந்தால் அதுவே நல்ல பதிவு அறை. மூட்டையில் தூசு அதிகம்; பாடகருக்குத் தும்மல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றுங்கள். பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும்; எர்த் சரியில்லை என்று பொருள். வீணையில் ஒட்டும் காண்டாக்ட் மைக்கில் இது அதிகம். இன்வெர்ட்டர் மலிவான சதுர அலை வகை என்றால் அதில் ஓடும்போது பதியவே வேண்டாம். இன்டர்ஃபேஸை மூன்று மீட்டர் மலிவுக் கேபிளிலோ ஹப்பிலோ தொங்கவிட்டால் மின்னழுத்தம் இறங்கி, ஃபாண்டம் தள்ளாடி, பதிவில் கடகடப்பு வரும். கூட வந்த குட்டைக் கேபிளை நேராகக் கணினியில் செருகுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்டென்சர் மைக் படபடவென்று வெடிக்கும். இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படி தடை. வாய்ப்பாட்டுக்கு அந்த நேரம் அருமை. தவிலுக்கு அந்த நேரத்தில் தெருவே எழுந்து வந்துவிடும்.

பணக் கணக்கு

பதினைந்தாயிரத்துக்குள் என்றால் யூ.எம்.சி.22 அளவு இன்டர்ஃபேஸ், ஒரு டைனமிக் மைக், பூம் ஸ்டாண்டு, மைக்குக்கான எக்ஸ்.எல்.ஆர். கேபிள், காதை முழுக்க மூடும் ஹெட்போன் வரை வரும். மூடாத ஹெட்போன் வாங்கினால் மெட்ரோனோம் சத்தம் பாட்டு டிராக்கில் ‘டிக் டிக்’ என்று விழும். இருபதாயிரத்துக்கு மேல் போக முடிந்தால் முதல் மாற்றம் இரண்டு மைக் வழி. இரண்டாவது மாற்றம் ஒரு கண்டென்சர். ஸ்பீக்கர் கடைசி. நான்கு வழிக்கு மைக், ஸ்டாண்டு, கேபிள் எல்லாமே நான்காகப் பெருகும். இன்டர்ஃபேஸ் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் பாதியில் பணம் தீரும்.

அதற்கும் ஒரு வழி காவிரி டெல்டாவில் இருக்கிறது. எந்த ஊரிலும் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார்; அவரிடம் மைக்கும் ஸ்டாண்டும் கேபிளும் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். வருடத்துக்கு இரண்டு முறை பதியும் குழு இன்டர்ஃபேஸை மட்டும் வாங்கி, மற்றதை நாள் வாடகைக்கு எடுத்தால் போதும். கல்யாணம் இல்லாத புரட்டாசியில் கேளுங்கள்: அவருக்கும் வேலை குறைவு, மேளக்காரர்களும் கிடைப்பார்கள், மழையும் முழுசாகப் பிடித்திருக்காது. நவராத்திரி நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். குறுவை அறுப்பு இயந்திரம் பக்கத்து வயலில் இறங்குகிற நாளையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கேபிளை எடுத்து வரும் முன் ஒவ்வொன்றையும் மைக்கில் மாட்டி, இரு முனையையும் ஆட்டிப் பாருங்கள். மேடையில் மிதிபட்ட கேபிள்களில் பற்றவைப்பு விட்டது ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும்.